ஏலமலைச் சாலை – 14: கப்பலில் வந்தவர்கள், படகில் வந்தவர்கள்

போடிமெட்டில் நின்று மேற்கே போனால் பூப்பாறை, தேவிகுளம், மூணாறு. கிழக்கே இறங்கினால் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், முந்தல், போடிநாயக்கனூர். இந்தச் சாலைக்கு நெடுங்காலம் 49-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை என்று பெயர். கொச்சியில் புறப்பட்டு, மலையேறி, போடிமெட்டில் மாநில எல்லையைக் கடந்து, தேனி, உசிலம்பட்டி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம் என்று ஓடி, பாம்பனைத் தாண்டித் தனுஷ்கோடியில் முடியும். இப்போது எண்களை மாற்றிவிட்டார்கள். லாரிக்காரர்கள் இன்றும் கொச்சி–தனுஷ்கோடி ரோடு என்றுதான் சொல்கிறார்கள்.

சென்ற இதழில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ரோப்வேயில் தேயிலைப் பெட்டிகள் இறங்கியதைப் பார்த்தோம். அங்கிருந்து போடிக்கு, போடியிலிருந்து தூத்துக்குடிக்கு, தூத்துக்குடியிலிருந்து லண்டனுக்கு. தேயிலை போன வழியைச் சொன்னால் போதாது. அதைப் பறித்த ஆட்கள் எந்த வழியாகப் போனார்கள், எந்த வழியாகத் திரும்பி வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு இந்தச் சாலையின் மறு கோடிக்குப் போக வேண்டியிருக்கிறது. ஏலமலைத் தொடரில் ராமேஸ்வரத்துக்கு என்ன வேலை என்று கேட்கும் வாசகர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். இலங்கைப் போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கு நாம் செய்த உதவியின் கதை, 1983-ல் தொடங்கியதாகவே எல்லோரும் எழுதுகிறார்கள். அது அதற்கும் நூறாண்டு முன்பே இந்த வறண்ட சமவெளியில் தொடங்கிவிட்டது.

மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, புதுக்கோட்டை, திருச்சி, சேலம். பஞ்சம் வந்தால் இந்தப் பகுதிகளின் நிலமில்லாத மக்களுக்கு முன்னால் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று மலை, மற்றது கடல். இரண்டு வழியிலும் வாசலில் கங்காணிதான் நின்றார். முன்பணம் கொடுத்தார், ஆள் சேர்த்தார், கூட்டிப் போனார். மூணாறுக்குப் போனாலும் இலங்கையின் மாத்தளைக்குப் போனாலும் வேலை ஒன்று, துரையும் ஒரே மாதிரி, குடியிருப்பும் ஒரே அச்சில் வார்த்த லயம். சில குடும்பங்களில் ஒருவர் தேவிகுளத்துக்கும் மற்றவர் கண்டிச் சீமைக்கும் போனதுண்டு. போகும்போது இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரிந்திருக்காது. கடலில் ஓர் இரவு, மலையில் இரண்டு நாள் நடை, அவ்வளவுதான்.

வேறுபாடு பின்னால் வந்தது. மலையேறியவர் பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் இறங்கி வந்தார். இன்றும் அதிகாலையில் போடியிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, ஏலத்தோட்டத்தில் பழம் எடுத்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பும் பெண்களைப் பார்க்கலாம். கடல் தாண்டியவருக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. அவருடைய பேரன் திரும்பி வந்தபோது, யார் நீ என்று கேட்க ஓர் அரசு இருந்தது.

அந்தக் கேள்வி கேட்கப்பட்ட இடம் மண்டபம்.

பாம்பன் பாலம் 1914-ல் திறந்ததும் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில் என்று போட் மெயில் ஓடத் தொடங்கியது. கூலிகள் நேராகக் கப்பலேற முடியாது. மண்டபத்தில் இறக்குவார்கள். அங்கே இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் ஒன்று இருந்தது. அம்மை குத்தி, உடம்பைச் சோதித்து, சில நாள் அடைத்துவைத்து, காலராவோ அம்மையோ இல்லை என்று தெரிந்த பிறகே அனுப்புவார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிறார் என்பதைக் காட்ட எண் பொறித்த தகரத் துண்டு. ஆட்களைச் சரக்காக வகை பிரிக்கத் தெரிந்த முகாம் அது. இந்த முகாமை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு முறை வரும்.

1939 ஆகஸ்டில் இந்திய அரசு பயிற்சியற்ற தொழிலாளர்கள் இலங்கை செல்வதற்குத் தடை போட்டது. அதோடு போக்கு நின்றது. போனவர்கள் அங்கேயே நின்றார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. மறு ஆண்டே, 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது; அடுத்து வாக்குரிமையும் போயிற்று. தந்தை, அல்லது பாட்டனும் பூட்டனும், இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது சட்டம். லயத்தில் பிறந்த குழந்தைக்கு யார் சான்றிதழ் எழுதி வைத்தார்கள்? தேயிலைத் தூருக்குக் கணக்கு இருந்தது, ஏலத்தில் போன ராத்தலுக்குக் கணக்கு இருந்தது. பறித்தவளின் பேறுகாலத்துக்கு இல்லை.

1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர் 9,75,000 பேர். இந்தியா எடுத்துக்கொள்வது 5,25,000. இலங்கை வைத்துக்கொள்வது 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அந்த மக்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. 1964 ஒப்பந்தத்தின் மை காய்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே கடலுக்குள் போயிற்று. அதன் பிறகு கப்பல் ராமேஸ்வரத்திலிருந்துதான்.

பிறகு விண்ணப்பம் கேட்டபோது மக்கள் சொன்ன பதில் அரசுகளின் கணக்குக்குப் பொருந்தவில்லை. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர். இலங்கையிலேயே இருக்க விரும்பி விண்ணப்பித்தவர்கள் 6 லட்சத்துக்கும் மேல். இந்தியா அவர்களுக்கு ஒரு பெயர், வீடு அங்கேதான். ஆனால் 1972-க்குப் பிறகு தோட்டங்கள் தேசியமயமாகி, 1973, 74-ல் உணவுப் பஞ்சம் வந்தபோது லயங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. 1977 ஆகஸ்டில் கலவரம். போகலாமா வேண்டாமா என்று தயங்கி நின்றவர்களில் பலரை முடிவெடுக்க வைத்தவை பசியும் நெருப்பும்.

இப்படி வந்தவர்களுக்கு இந்தியா செய்த ஏற்பாடு, தாளில் பார்த்தால், நம் நாட்டில் இடம்பெயர்ந்தோருக்குச் செய்யப்பட்டவற்றில் ஒழுங்கானவற்றில் ஒன்று. கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் குடும்ப அட்டை ஒன்று கொடுத்தது. யார் யார் வருகிறார்கள், என்ன திட்டத்தில் மறுவாழ்வு, எந்த ஊர் என்பதெல்லாம் அதில் இருக்கும். தலைமன்னாரில் 'ராமானுஜம்' கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினால், மண்டபம் முகாமில் தங்கல். ஆம், பாட்டனாரை அம்மை குத்தி அனுப்பிய அதே மண்டபம். அங்கிருந்து அட்டையில் எழுதியபடி அனுப்பிவைப்பார்கள். 1968-ல் நீலகிரியில் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பின்னாளில் அது டான்டீ ஆனது. 1969-ல் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோருக்காக ரெப்கோ வங்கி. 1976-ல் கேரளத்தில் புனலூரை மையமாக வைத்து ரீஹாபிலிட்டேஷன் பிளான்டேஷன்ஸ் என்ற ரப்பர் நிறுவனம். கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கம் ரப்பர்.

நம் மலைக்கும் ஒரு பங்கு வந்தது. கேரள வனவளர்ச்சிக் கழகம் 1975-ல் அமைந்த பிறகு, வண்டிப்பெரியாறு வழியாகப் போகும் கவியில் காட்டுக்குள் ஏலம் பயிரிட்டு, தாயகம் திரும்பிய குடும்பங்களை அங்கே குடியமர்த்தினார்கள். கவியை இப்போது சுற்றுலாத் தலமாகவே எல்லோருக்கும் தெரியும். 2012-ல் ஒரு மலையாளப் படம் வந்து பிரபலப்படுத்திவிட்டது. மூடுபனி, ஏரி, யானை, ஒரு கேரள அரசுப் பேருந்து. அந்தப் பேருந்தில் மளிகைப் பையோடு ஏறுகிற பெரியவர்களின் பேச்சில் பதுளைத் தமிழ் இருப்பதைச் சுற்றுலாப் பயணிகள் கவனிப்பதில்லை. நுவரெலியாக் குளிரில் கொழுந்து கிள்ளிய கை, பெரியாற்றுக் குளிரில் ஏலப்பழம் எடுத்தது. குடியிருப்பு லயம். வீடு கழகத்துடையது, நிலம் வனத்துறையுடையது. குடியுரிமை கிடைத்தது, காலூன்ற ஒரு சென்ட் கிடைக்கவில்லை.

கேரளத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டுமானால் 1950-க்கு முன்பே குடும்பம் அந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். 1950-ல் பதுளையில் இருந்தவர் என்ன காட்டுவார்? இதே சிக்கலில்தான் போடிமெட்டு ஏறிப்போன மூணாற்றுத் தமிழர்களின் பிள்ளைகளும் சான்றிதழுக்கு அலைகிறார்கள். மலைக்குப் போனவரும் கடலுக்குப் போனவரும் மீண்டும் ஒரே வரிசையில் நின்றது வட்டாட்சியர் அலுவலகத்தில்.

தோட்டத்தில் இடம் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். நான்கரை லட்சத்துக்கும் மேல் வந்த கூட்டத்தில் அவர்கள் சிறு பகுதி. பெரும்பாலோருக்குக் கிடைத்தது தொழில் கடன், ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய். தலைமுறைகளாகக் கொழுந்து கிள்ளியதைத் தவிர வேறு தொழில் அறியாத ஒரு குடும்பத்தைத் திருச்சியிலோ திண்டுக்கல்லிலோ இறக்கிவிட்டு, கடை வைத்துப் பிழைத்துக்கொள் என்றது திட்டம். பணம் கைக்கு வருவதற்குள் அதில் பாதியை இடைத்தரகர் தின்றார். மீதியில் வைத்த பெட்டிக்கடை ஆறு மாதம் தாங்கவில்லை. குளிர் தெரிந்தவர்கள் மலையைத் தேடி ஓடினார்கள். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் தாங்களாகவே ஏறினார்கள். கொடைக்கானலில் சீகை மரப்பட்டை உரிக்கும் ஒப்பந்தக்காரர்களிடம் அவர்களில் பலர் கொத்தடிமைகளாகச் சிக்கிக் கிடந்தது 1980-களில்தான் வெளியே வந்தது. நான் அந்தத் திட்டத்தை வகுத்தவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். அவர்கள் குடும்பத்தை எண்ணினார்கள், ரூபாயை எண்ணினார்கள், கோப்பை முடித்தார்கள். அந்தக் கைகளுக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேட்கவில்லை. தோட்டம் கொடுத்த இடத்தில் திட்டம் பிழைத்ததும், ரொக்கம் கொடுத்த இடத்தில் செத்ததும் அதனால்தான்.

இனி, கப்பல் ஏறாதவர்கள்.

இலங்கை மலையகத்தில் தங்கியவர்களில் ஒரு பகுதியினர் 1970-களின் பஞ்சத்திலும் 1977 கலவரத்திலும் வடக்கே நடந்தார்கள். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லைகளில் காடு கிடந்தது. தமிழர்கள் பெரும்பான்மையாக உள்ள இடம், அடிக்க வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை. அவர்களை அங்கே குடியமர்த்த உழைத்த அமைப்புகளில் முக்கியமானது காந்தியம். கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் 1970-களின் நடுவில் தொடங்கியது. அவர்கள் செய்த உதவியை இந்தியாவின் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. பணம் குறைவு, அரசு அதிகாரம் இல்லை. ஆனால் நிலம் கொடுத்தார்கள், கிணறு வெட்டினார்கள், குழந்தைகளுக்குப் பால்வாடிப் பள்ளி நடத்தினார்கள், வைத்தியம் பார்த்தார்கள். தோட்டத் தொழிலாளி விவசாயி ஆவதற்குச் சில ஆண்டு ஆகும் என்று தெரிந்து அந்தச் சில ஆண்டும் கூடவே இருந்தார்கள்.

அதுதான் குற்றமாயிற்று. எல்லைப்புறத்தில் தமிழர் குடியேறுவதை அரசு பாதுகாப்புப் பிரச்சினையாகப் பார்த்தது. 1983 ஏப்ரலில் டேவிட் கைதானார்; ராஜசுந்தரமும் சிறைக்குப் போனார். ஜூலைக் கலவரத்தின்போது வெலிக்கடைச் சிறையில் நடந்த இரண்டாவது படுகொலையில், ஜூலை 27 அன்று ராஜசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். டேவிட் தப்பினார். மறு ஆண்டு டாலர் பண்ணை, கென்ட் பண்ணை ஆகிய இடங்களிலிருந்து மலையகத் தமிழர் விரட்டப்பட்டுச் சிங்களக் கைதிகள் குடியமர்த்தப்பட்டார்கள். 1984 நவம்பர் இறுதியில் புலிகள் அந்தப் பண்ணைகளைத் தாக்கிக் குடியேறியவர்களைக் கொன்றார்கள். காடு வெட்டிக் கழனியாக்கிய சில ஆண்டுக்குள் அந்த மண் போர்முனை ஆகிவிட்டது. தோட்டத்திலிருந்து ஒருமுறை, பண்ணையிலிருந்து ஒருமுறை என்று இரண்டு தரம் இடம்பெயர்ந்த அந்த மக்களுக்கு மூன்றாவது வழியாக மன்னார்க் கரை இருந்தது. அங்கே கப்பல் இல்லை. போரினால் தலைமன்னார்க் கப்பல் 1984-ல் நின்றுபோயிற்று. இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே கப்பலுக்காகக் காத்திருந்த எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைக்க 2003 ஆனது.

வடக்கே இருந்தவர்கள் இரவில் மீன்பிடிப் படகேறினார்கள். தனுஷ்கோடிக்கு முன்னால் மணல் திட்டுகளில் இறக்கிவிட்டு, அந்தா தெரியுது இந்தியா என்று சொல்லிப் படகோட்டி திரும்பிவிடுவார். அலை ஏறுவதற்குள் இந்திய மீனவரோ கடற்படையோ வந்து எடுத்தால் உண்டு. 1983 ஜூலையிலிருந்து 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தம் வரை வந்தவர்கள் 1,34,053 பேர் என்கிறது அரசுக் கணக்கு. 1989–91-ல் இன்னொரு 1,22,000. 1996-க்குப் பிறகும் 2006-க்குப் பிறகும் சிறு அலைகள். 2012 வரை மொத்தம் 3,04,269. வந்தவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலைத் தமிழர்கள். அவர்களோடு கலந்து, பேச்சில் மட்டும் சற்றே வேறுபட்டு, தாத்தா ஊர் பெரியகுளம், துறையூர் என்று சொல்லக்கூடிய மலையகத் தமிழர்களும் பல ஆயிரம் பேர்.

அவர்களை இறக்கிய இடம் மண்டபம் முகாம். மூன்றாவது முறை.

இங்கேதான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஹட்டன் பக்கம் ஒரே லயத்தில் பிறந்த அண்ணனும் தம்பியும். அண்ணன் இந்தியாவுக்கு மனுப் போட்டு 1979-ல் கப்பலில் வந்தார். தாயகம் திரும்பியவர் என்று அவர் கோப்பில் எழுதினார்கள். தம்பி இலங்கைக்கு மனுப் போட்டு, அல்லது எதற்கும் போடாமல், வவுனியாவுக்குப் போய், 1984-ல் படகில் வந்தார். அவர் கோப்பில் அகதி. இருவரையும் துரத்தியது ஒரே வெறுப்பு. இருவரும் இறங்கியது ஒரே முகாம். அண்ணனுக்குக் குடியுரிமை, தோட்ட வேலை அல்லது 5,000 ரூபாய். தம்பிக்கு மாதாமாதம் பணக்கொடை, கிலோ 57 பைசா விலையில் அரிசி, பத்துக்குப் பத்து அடி அறை, மாலையானால் முகாம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை. குடியுரிமை மட்டும் கிடையாது. அன்று நடப்பில் இருந்த 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டப்படி அவர் அந்நியர் ஆனார். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. தனக்கென்று அகதிகள் சட்டமும் இயற்றிக்கொள்ளவில்லை. தம்பிக்குக் கிடைத்ததெல்லாம் அரசாணையின் தயவு. இன்னோர் அரசாணை வந்தால் போய்விடக்கூடியது.

அப்படிப் போயும் இருக்கிறது. எம்.ஜி.ஆர். காலத்தில் ஊரே திரண்டு சோறு போட்டது. பள்ளிக்கூடங்கள், புயல் பாதுகாப்புக் கூடங்கள், ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களின் குடோன்கள் எல்லாம் முகாம்கள் ஆயின. அகதிப் பிள்ளைகளுக்குத் தொழிற்கல்வியில் இடம் ஒதுக்கப்பட்டது. 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் எல்லாம் தலைகீழ். கல்லூரி இடம் நின்றது, தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் வரத் தடை, க்யூ பிரிவு போலீஸின் கெடுபிடி. 1992 ஜனவரியிலிருந்து கப்பலேற்றித் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். விருப்பத்துடன்தான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு அந்த ஆண்டுதான் சென்னையில் இடம் கொடுத்தார்கள். 1995 வரை போனவர்கள் 54,188 பேர். போர் நடந்துகொண்டிருந்த நாட்டுக்கு.

இந்த இடைக்காலம் முழுவதும் முகாம் பிள்ளைகளின் படிப்பு முறியாமல் காத்ததில் ஒரு பங்கு அகதிகளுடையதே. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் முகாமில் குடியிருந்தவர்கள். மாலைப் பள்ளியும் சுகாதாரப் பணியும் நடத்தினார்கள். பிறப்பு, இறப்பு, திருமணம் எதையும் பதியாமல் விடாதீர்கள் என்று முகாம் முகாமாகச் சொன்னார்கள். தொண்டு என்றால் அரிசி மூட்டை என்று நினைக்கிறவர்களுக்கு இது சிறிய வேலையாகத் தெரியும். ஒரு சான்றிதழ் இல்லாததால்தான் இந்த மக்களின் பாட்டன்மார் 1948-ல் நாடற்றுப் போனார்கள். அதை நினைத்தால், பிறப்புப் பதிவேட்டில் ஒரு வரி எழுதவைப்பதைவிடப் பெரிய நிவாரணம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியர். 1983-க்கும் 87 நடுவுக்கும் இடையில் மண்டபம் முகாமில் பிறந்த குழந்தை இந்தியக் குழந்தை. ஒரு மாதம் தாமதித்து ஆகஸ்டில் பிறந்திருந்தால் அகதிக் குழந்தை. இது யாருக்கும் உறைக்கவே முப்பத்தைந்து ஆண்டு பிடித்தது. இந்த அடிப்படையில் முகாம் பெண் ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்க 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்குச்சாவடிக்குப் போனார்.

அதற்கு முன்பே, 2019 ஜூன் 17-ல், அதே மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் முன் நம் கதையின் தம்பிகள் வந்து நின்றார்கள். திருச்சி கொட்டப்பட்டு, மன்னார்புரம் முகாம்களில் வசிக்கும் 65 பேர். நாங்கள் ஈழத்துக்காரர்கள் அல்லர், எங்கள் முன்னோர் இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள், 1964 ஒப்பந்தத்தின்படி எங்களை இந்தியரென ஏற்க வேண்டியது உங்கள் கடமை என்றார்கள். படகில் வந்ததால் சட்டவிரோதக் குடியேறிகள் என்றது அரசுத் தரப்பு. அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு பதினாறு வாரத்தில் முடிவெடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்தோடு நின்றுகொண்டது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

தமிழ்நாட்டு அரசு தன் கைக்கு எட்டியதைச் செய்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 317 கோடியே 40 லட்ச ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தார். அப்போது 108 முகாம்களில் 58,822 பேர். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 எனப் பணக்கொடை உயர்ந்தது. 57 பைசா அரிசி விலையில்லாததாயிற்று. அகதிகள் முகாம் என்ற பலகை இறங்கி, மறுவாழ்வு முகாம் என்ற பலகை ஏறியது. இவற்றையெல்லாம்விட முக்கியம், 7,469 புது வீடுகள். முதலில் முடிந்தவற்றில் ஒன்று திண்டுக்கல் அருகே தோட்டனூத்தில் கட்டிய 321 வீடுகள். 2022 செப்டம்பரில் திறந்தார்கள். முகாம் ஆண்களில் பலர் பெயின்ட் அடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். நாற்பது ஆண்டாக ஊரார் வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்தவர்கள், இப்போது தங்கள் வீட்டுச் சுவருக்கு நிறம் தேர்ந்தெடுத்தார்கள்.

தம்பிக்கு வீடு வந்தது. அண்ணன் என்ன ஆனார்?

அதற்கு மறு மாதம், 2022 அக்டோபரில், நட்டத்தில் ஓடிய டான்டீயின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹெக்டேர் தோட்டத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க ஆணை வந்தது. ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் குடியிருப்பைக் காலி செய்யவேண்டும் என்று நோட்டீஸ் போனது. கூடலூரிலும் பந்தலூரிலும் போராட்டம் வெடித்தது. பிறகே அவர்களுக்கும் வீட்டுத் திட்டம் பேசப்பட்டது. அவர்கள் இந்தியக் குடிமக்கள். வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஆதார் எல்லாம் இருக்கின்றன. கொழுந்து கிள்ளும் கை ஓயும்வரை லயம், ஓய்ந்தால் வெளியே என்ற தோட்ட விதி மட்டும் ஹட்டனிலிருந்து அவர்களோடு கப்பலேறி வந்துவிட்டது. கவியிலும் அதே விதி. போடிமெட்டைத் தாண்டிப் போனவர்களின் மூணாற்றிலும் அதே விதி. ஓய்வுபெற்ற பிறகும் போக இடமில்லாமல் பிள்ளைகளின் பெயரில் கிடைத்த லயத்தில் ஒண்டிக்கொண்டிருந்த பெரியவர்களும் சேர்த்து, 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பெட்டிமுடியில் மண்ணுக்குள் போனவர்கள் எழுபது பேர். அந்த லயங்களை யார், எப்போது, எந்தச் சரிவில் கட்டினார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.